பாதியாக்கப் போகிறவன் முதலில் ஏன் இரட்டிக்கிறான்? (மைட்டாசிஸ் – மியாசிஸ் விவாத இழை)

கேள்வி | ஜூலை 2, இரவு 9.15

பையன் பிளஸ் ஒன். ராத்திரியில் அவனோடு நானும் உட்கார்ந்து படிக்கிறேன். மைட்டாசிஸ் புரிகிறது. குரோமோசோம் இரட்டிக்கிறது, செல் இரண்டாகிறது, இரண்டிலும் 46. கணக்கு சரி. விந்தும் முட்டையும் உருவாகும் மியாசிஸில் நோக்கம் 46ஐ 23 ஆக்குவது. அப்படியானால் இருக்கிற 46ஐ நேராக 23, 23 என்று பிரித்துவிட்டால் வேலை முடிந்தது. அதை விட்டுவிட்டு முதலில் எல்லாவற்றையும் இரட்டித்து, பிறகு இரண்டு தடவை பிரிப்பது ஏன்? தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிற வேலையாகத் தெரிகிறது. பையன் கேட்டான், எனக்குப் பதில் தெரியவில்லை. யாராவது சொல்லுங்கள்.

ஜூலை 2, இரவு 11.40

மேலே பதில் போட்ட எல்லோரும் 'மரபணு வேறுபாட்டுக்காக' என்று எழுதிவிட்டுப் போய்விட்டீர்கள். கேட்டதற்கு அது பதிலே இல்லை. ஜோடியில் எது எந்தப் பக்கம் போகிறது என்பதை வைத்தே 23 ஜோடிக்கு 83,88,608 விதமான சேர்க்கை கிடைத்துவிடும். அதற்கு இரட்டிப்பு எதற்கு? அந்தப் பையன் கேட்பது வேறு. பாதியாக்கப் போகிற செல் முதலில் ஏன் இரண்டு மடங்காக்கிக்கொள்கிறது?

நான் தாவரவியல் டீச்சர். ரொம்ப வருஷம் இந்தப் பாடத்தை நானும் கரும்பலகையில் நடுக்கோடு போட்டு, இடப்பக்கம் மைட்டாசிஸ் வலப்பக்கம் மியாசிஸ் என்றுதான் நடத்தினேன். இப்போது அந்த அட்டவணையைக் கடைசியில்தான் போடுகிறேன், அதுவும் பரீட்சைக்காக. அதற்கு முன்னால் ஒரு விஷயம் பிடிபட வேண்டும். குரோமோசோம்களைச் சேர்த்துப் பிடித்திருப்பது எது, அந்தப் பிடி எந்த நேரத்தில் விடுகிறது? இது தெரிந்தால் வாழைப்பழத்தில் ஏன் விதையில்லை என்பது வரைக்கும் போய்விடலாம். நாளைக்கு எழுதுகிறேன், கரண்ட் போய்ப் போய் வருகிறது.

ஜூலை 3, காலை 6.20

ஆரம்பிக்கும் முன் எண்ணிக்கைக் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள். நடுவே சில பேர் 92 குரோமோசோம் என்று எழுதியிருக்கிறார்கள். குரோமோசோமை சென்ட்ரோமியரை, அதாவது இழைகள் கூடும் இடுப்பு மாதிரியான இடத்தை வைத்துத்தான் எண்ண வேண்டும். இரட்டித்த பிறகும் 46தான். ஒவ்வொன்றிலும் ஒரே மாதிரியான இரண்டு இழைகள், குரோமாட்டிட் என்பது அதுதான், அதனால் குரோமாட்டிட் 92. டிஎன்ஏவின் அளவு இரட்டிக்கிறது, குரோமோசோம் எண்ணிக்கை இரட்டிப்பதில்லை. நீட் தேர்வில் இதை வைத்தே மடக்குவார்கள்.

ஜூலை 3, இரவு 10.05

முதலில் மைட்டாசிஸின் பிடி.

ஜெர்மனியில் கீல் நகரத்தில் வால்ட்டர் ஃபிளெமிங் சாலமாண்டர் குஞ்சுகளின் செல்லுக்குச் சாயம் ஏற்றி, இழைகள் நெடுக்காகப் பிளந்து இரு பக்கமும் போவதைப் பார்த்து, 1882ல் புத்தகமாகப் போட்டார். இன்றைக்கும் பாடப்புத்தகத்தில் வரைகிற படம் ஏறக்குறைய அவர் வரைந்ததுதான். ஆனால் பிளந்து போகும் வரை அந்த இரண்டு இழைகளையும் எது சேர்த்து வைத்திருந்தது என்பது அதற்குப் பிறகு நூறு வருஷத்துக்கும் மேல் தெரியவில்லை. 1997ல்தான் கோஹெசின் என்ற புரதம் பிடிபட்டது. வளையம் மாதிரியான அமைப்பு. டிஎன்ஏ இரட்டிக்கும்போதே இந்த வளையங்கள் இரண்டு சகோதர இழைகளையும் சேர்த்து மாட்டிக்கொள்கின்றன. செப்பரேஸ் என்ற நொதி வந்து வளையத்தை வெட்டினால்தான் அனாஃபேஸ், அதாவது இழைகள் பிரிந்து இரு பக்கமும் போகும் கட்டம்.

வெட்டச் சொல்லி உத்தரவு எப்போது கிடைக்கிறது? மெட்டாஃபேஸில் குரோமோசோம்கள் நடுவில் வரிசையாக நிற்கும் படத்தைப் பார்த்தால் அவை சும்மா ஓய்வெடுப்பதுபோல இருக்கும். உண்மையில் அது வடமிழுக்கும் போட்டி. இரண்டு துருவத்திலிருந்தும் கதிர்க்கோல் இழைகள் இழுக்கின்றன, நடுவில் வளையங்கள் விடாமல் பிடிக்கின்றன. இரண்டு பக்கமும் இழுவை சமமாக ஏறினால் 'சரியாக மாட்டியிருக்கிறது' என்று செல் எடுத்துக்கொள்ளும். ஒரே ஒரு குரோமோசோம் ஒரு பக்கம் மட்டும் மாட்டிக்கொண்டு தொளதொளவென்று கிடந்தாலும் மொத்தப் பிரிவும் காத்திருக்கும்.

இது வெறும் ஊகமா என்று வகுப்பில் கேட்பார்கள். அமெரிக்காவில் டியூக் பல்கலைக்கழகத்தில் புரூஸ் நிக்லஸ் என்பவர் கும்பிடுபூச்சியின் விந்துத்தாய் செல்லை வைத்து இதைக் காட்டினார். ஜோடி இல்லாமல் ஒற்றையாகக் கிடந்த குரோமோசோம், அதனால் பிரிவு நின்றுபோன செல். தலைமயிரைவிட மெல்லிய கண்ணாடி ஊசியைச் செல்லுக்குள் விட்டு, அந்தக் குரோமோசோமைப் பிடித்து எதிர்ப்பக்கம் இழுத்துப் பிடித்தார்கள். இழுவை ஏறியதும் செல் ஏமாந்துபோய் அனாஃபேஸுக்குப் போய்விட்டது. 1995ல் வந்த ஆராய்ச்சி. ஒரு ஊசி, ஒரு பூச்சி, பொறுமையான கை. எனக்கு மிகவும் பிடித்த பரிசோதனை இது.

ஜூலை 3, இரவு 10.20

இந்த ஒற்றைக் குரோமோசோமை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்து வரப்போவது முழுக்க அதுதான்.

ஜூலை 5, மாலை 4.30

இப்போது பையனின் கேள்வி. தாளும் இரண்டு நிறப் பேனாவும் எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.

மியாசிஸின் முதல் பிரிவில் சகோதர இழைகள் பிரிவதில்லை. அப்பா கொடுத்த 7ஆம் குரோமோசோம் ஒரு பக்கமும் அம்மா கொடுத்த 7ஆம் குரோமோசோம் மறுபக்கமும் போக வேண்டும். வடமிழுக்க வேண்டுமென்றால் இரண்டும் சேர்த்துக் கட்டப்பட்டிருக்க வேண்டும், இல்லையா? ஆனால் இவை இரண்டுக்கும் இடையே கோஹெசின் கிடையாது. அந்த வளையம் மாட்டுவது டிஎன்ஏ இரட்டிக்கும்போது, புதிதாகப் பிறந்த இரட்டையர்களுக்கு இடையில் மட்டும். அப்பாவுடையதும் அம்மாவுடையதும் கருவுற்ற நாளிலிருந்து ஒரே செல்லில் இருந்தாலும் அவரவர் பாட்டுக்கு இருந்தவை. அவற்றை எதை வைத்துக் கட்டுவது?

குறுக்கேற்றத்தை வைத்து, அதாவது ஜோடிகள் தங்களுக்குள் துண்டுகளை வெட்டி மாற்றிக்கொள்வதை வைத்து. ஆனால் அது கட்டாக வேலை செய்ய வேண்டுமென்றால் முன்னாலேயே இரட்டித்திருக்க வேண்டும். வரைந்து பாருங்கள்.

முதலில் இரட்டிக்காமல். நீலத்தில் ஒரு கோடு, சிவப்பில் ஒரு கோடு. நடுவில் இரண்டையும் வெட்டி, மாற்றி ஒட்டுங்கள். மேலே நீலம் கீழே சிவப்பாக ஒன்று, மேலே சிவப்பு கீழே நீலமாக ஒன்று. வால் மாறியது, அவ்வளவுதான். இரண்டும் தனித்தனியாகவே கிடக்கின்றன. இழுத்தால் ஆளுக்கொரு பக்கமும் போகலாம், இரண்டும் ஒரே பக்கமும் போகலாம். இழுவையே ஏறாது.

இப்போது இரட்டித்து வரையுங்கள். இரண்டு நீலக் கோடு, நெடுகிலும் வளையம் மாட்டியது. இரண்டு சிவப்புக் கோடு, அதே மாதிரி. ஒரு நீலத்தையும் ஒரு சிவப்பையும் மட்டும் நடுவில் வெட்டி மாற்றி ஒட்டுங்கள். வெட்டுப்பட்ட நீலத்துக்கு இப்போது சிவப்பு வால். அந்தச் சிவப்பு வாலை, வெட்டுப்படாத சிவப்புச் சகோதரியோடு பழைய வளையங்கள் இன்னும் பிடித்துக்கொண்டிருக்கின்றன. தலைப்பக்கமோ நீலச் சகோதரியோடு பூட்டியிருக்கிறது. இப்போது நீலத்தை மேலேயும் சிவப்பைக் கீழேயும் இழுங்கள். வராது. கயாஸ்மா என்று புத்தகத்தில் சிலுவை மாதிரி வரைவது இந்த இடத்தைத்தான்.

ஆக, இரட்டித்தால்தான் சகோதரிகள் உண்டு. சகோதரிகள் இருந்தால்தான் வளையம், வளையம் இருந்தால்தான் குறுக்கேற்றம் கட்டாக நிற்கும், கட்டு நின்றால்தான் இழுவை. இழுவை இல்லாவிட்டால் 23, 23 என்று பிரியாது. 25, 21 என்று வாய்க்கு வந்தபடி பிரியும்.

ஜூலை 5, மாலை 5.10

இரண்டு பிரிவு எதற்கு என்பதும் இதிலேயே இருக்கிறது. முதல் பிரிவில் குரோமோசோமின் கைகளில், அதாவது சென்ட்ரோமியரிலிருந்து நீளும் பகுதிகளில் உள்ள வளையங்களை மட்டும் செப்பரேஸ் வெட்டுகிறது. சென்ட்ரோமியரைச் சுற்றி உள்ளவற்றை வெட்டவிடாமல் ஷுகோஷின் என்ற புரதம் காவல் நிற்கிறது. அதனால் அப்பாவுடையதும் அம்மாவுடையதும் பிரிந்தாலும் சகோதரிகள் ஒட்டியே இருப்பார்கள். இரண்டாம் பிரிவில் காவல் போய்விடும், மிச்ச வளையமும் அறுபடும். அது அப்படியே மைட்டாசிஸ் மாதிரிதான், நடுவில் டிஎன்ஏ இரட்டிப்பு மட்டும் கிடையாது.

லெப்டோட்டீன், சைகோட்டீன், பாக்கிட்டீன், டிப்ளோட்டீன், டயாகைனசிஸ் என்று முதல் பிரிவின் தொடக்கத்துக்குப் புத்தகம் சொல்லும் ஐந்து கட்டங்கள் எல்லாமே ஜோடியைத் தேடிக் கண்டுபிடித்து, ஒட்டி, வெட்டி மாற்றி, கட்டு தெரியும் வரை விலகுவதுதான். ஐந்து பெயரையும் வரிசையாக மனப்பாடம் செய்வதற்கு என்னிடம் குறுக்குவழி எதுவும் இல்லை. செய்துதான் ஆக வேண்டும்.

ஜூலை 6, காலை 7.00

குறுக்கேற்றம்தான் கட்டு என்றால் ஆண் பழ ஈ என்ன செய்கிறது என்று கேட்டவருக்கு: ஆமாம், ஆண் பழ ஈக்குக் குறுக்கேற்றமே கிடையாது. அமெரிக்க மரபியல் அறிஞர் மார்கனின் ஆய்வுக்கூடத்தில் 1912லேயே பார்த்துவிட்டார்கள். பெண் பட்டுப்பூச்சிக்கும் கிடையாது. அவை வேறு புரதங்களை வைத்து ஜோடியைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன. ஆனால் கவனியுங்கள், அங்கேயும் ஜோடியை ஏதோ ஒன்று பிடித்தே ஆக வேண்டியிருக்கிறது. நான் சொன்னதற்கு அது எதிர்வாதம் இல்லை. 'குறுக்கேற்றம் வேறுபாட்டுக்காக மட்டுமே' என்பவர்களுக்குத்தான் சங்கடம். வேறுபாடு அவ்வளவு முக்கியம் என்றால் ஆண் ஈ எப்படி அதை விட்டுவிட்டு இத்தனை காலம் பிழைத்தது?

ஜூலை 8, இரவு 9.30

தாயின் வயது ஏறினால் குழந்தைக்கு டவுன் சின்ட்ரோம் வரும் வாய்ப்பு ஏன் கூடுகிறது என்று தனிச்செய்தியில் கேட்டவருக்கு. பெயர் சொல்லவில்லை, இங்கேயே எழுதுகிறேன், பலருக்கும் உதவும்.

பெண் குழந்தை தன் அம்மாவின் வயிற்றில் இருக்கும்போதே அதன் சினைப்பையில் மியாசிஸ் தொடங்கிவிடுகிறது. ஜோடி சேர்ந்து, குறுக்கேற்றம் முடிந்து, டிப்ளோட்டீனில் அப்படியே நின்றுவிடும். பிறக்கும்போது பத்து இருபது லட்சம் முட்டைச் செல்கள் இந்த நிலையில் இருக்கும். வயதுக்கு வரும்போது மூன்று நான்கு லட்சம் மிஞ்சும். அதில் வாழ்நாள் முழுக்க வெளியே வருவது சுமார் நானூறு. வெளியே வருவதற்குக் கொஞ்சம் முன்னால்தான் முதல் பிரிவு முடியும். இரண்டாம் பிரிவு விந்தணு உள்ளே நுழைந்தால்தான் முடியும், இல்லையென்றால் முடியாமலே போய்விடும்.

மேலே சொன்ன வளையக் கணக்கை இதோடு சேர்த்துப் பாருங்கள். கோஹெசின் மாட்டப்பட்டது பாட்டியின் வயிற்றில். நாற்பது வயதில் வரும் முட்டையில் ஜோடியைப் பிடித்திருப்பது நாற்பது வருஷத்துக்கு முன் மாட்டிய அதே வளையங்கள். இடையில் புதிதாக மாற்றிக்கொள்ள வழியில்லை என்று எலிகளில் பார்த்திருக்கிறார்கள். கொஞ்சம் கொஞ்சமாக உதிர்கின்றன, கட்டு தளர்கிறது, ஒற்றையாகக் கழன்ற குரோமோசோம் எந்தப் பக்கமும் போகும். முட்டைச் செல்லில் அந்த இழுவைச் சோதனையும் அவ்வளவு கறாராக இல்லை. 21ஆம் குரோமோசோம் இப்படி ஒன்று கூடுதலாக வந்தால் டவுன் சின்ட்ரோம். பாரிஸில் 1959ல் இதை வெளியிட்டார்கள். தாயின் வயது 20ல் சுமார் 1,500 பிரசவத்துக்கு ஒன்று, 35ல் சுமார் 350க்கு ஒன்று, 40ல் சுமார் 100க்கு ஒன்று.

ஆண்களுக்கு இந்தக் காத்திருப்பு கிடையாது. பருவ வயதில் தொடங்கி, புதிது புதிதாக இரண்டு மாதத்துக்குச் சற்று மேல் ஒரு சுற்று.

என் அண்ணி 38 வயதில் கர்ப்பமாக இருந்தபோது கூடப் போயிருந்தேன். டெஸ்ட் பற்றிக் கேட்டதற்கு அந்த ஆஸ்பத்திரியில் 'இத்தனை வயசுக்கு மேல எதுக்கும்மா ஆசை' என்றுதான் பதில் வந்தது. வயது அதிகம் என்பது அண்ணிக்குத் தெரியாதா? 100க்கு ஒன்று என்றால் 99 பேருக்கு இது இல்லை என்பதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். இன்னொன்று, பிரசவங்கள் இளவயதில்தான் அதிகம் என்பதால் டவுன் குழந்தைகளைப் பெற்ற தாய்மாரிலும் இளவயதினர் நிறையப் பேர். வயதானவர்களை மட்டும் குறிவைத்துப் பேசுவதை நிறுத்தினால் நல்லது. அண்ணி பையன் இப்போது ஏழாவது, கணக்கில் என்னை மடக்குகிறான்.

ஜூலை 9, காலை 6.40

மேலே ஒரு திருத்தம் வந்திருக்கிறது, சரியான திருத்தம். டவுன் எல்லாமே இப்படிக் கழன்று வந்ததில்லை. நூற்றில் மூன்று நான்கு, 21ஆம் குரோமோசோம் இன்னொரு குரோமோசோமோடு ஒட்டிக்கொண்டிருப்பதால் வருவது. அதற்கும் தாயின் வயதுக்கும் தொடர்பில்லை. அது பெற்றோரிடமிருந்து வந்ததா என்பது அவர்களுக்குக் குரோமோசோம் பரிசோதனை செய்தால்தான் தெரியும்.

ஜூலை 12, இரவு 10.50

இந்த விவாதம் எங்கெங்கோ போகிறது, நானும் கொஞ்சம் போகிறேன். கதிர்க்கோல் இழையை நிறுத்தும் மருந்து பற்றி ஒருவர் கேட்டார். அது எங்கள் ஊர்ச் சரக்கு.

மூலனூர், தாராபுரம், ஒட்டன்சத்திரம், அரவக்குறிச்சி பக்கம் கம்பிப் பந்தல் போட்டுக் கண்வலிக்கிழங்கு வைப்பார்கள். பூவைச் செங்காந்தள் என்று சொன்னால் எல்லோருக்கும் தெரியும், நம் மாநில மலர். எங்கள் வீட்டிலும் இரண்டு ஏக்கர் இருந்தது. பூத்த சீசனில் விடியற்காலையே காட்டுக்குப் போக வேண்டும். இந்தப் பூவில் சூல்தண்டு அடியிலேயே ஒடிந்தாற்போல் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டு, மகரந்தப்பையிலிருந்து தள்ளி நிற்கும். பூச்சியை நம்பினால் காய் பிடிக்காது. கையால் மகரந்தத்தை எடுத்துச் சூல்முடியில் தொட்டுவிட வேண்டும். பத்து மணி வெயிலுக்குள் முடித்தாக வேண்டும். மஞ்சள் தூள் விரலிடுக்கில் ஒட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் வரைக்கும் வரும்.

இத்தனை பாடும் அந்த விதைக்காக. விதையில் கோல்ச்சிசின். கதிர்க்கோல் இழை டியூபுலின் என்ற புரதம் அடுக்கடுக்காகச் சேர்ந்து நீள்வது. கோல்ச்சிசின் டியூபுலினோடு ஒட்டிக்கொண்டு அடுக்கவிடாமல் செய்துவிடும். குரோமோசோம்கள் சுருண்டு தயாராக நிற்கும், இழுக்க ஆளிருக்காது, மெட்டாஃபேஸிலேயே செல் நின்றுபோகும்.

மனிதனுக்கு 46 குரோமோசோம் என்பது தெரிந்ததே இதனால்தான். முப்பது வருஷத்துக்கும் மேலாக எல்லாப் புத்தகத்திலும் 48 என்றுதான் இருந்தது. குரோமோசோம்கள் ஒன்றன்மேல் ஒன்று குவிந்து கிடந்தால் எப்படி எண்ணுவது? ஜாவாவில் பிறந்த ஜோ ஹின் ஜியோ, 1955 டிசம்பரில் ஸ்வீடனின் லுண்ட் நகரத்தில், கோல்ச்சிசின் போட்டு நிறுத்திய செல்களைச் செறிவு குறைந்த கரைசலில் ஊதவைத்து நசுக்கிப் பார்த்தார். எல்லாம் பரந்து விழுந்தன. எண்ணினால் 46. ஊதவைக்கும் உத்தி சில வருஷம் முன்னால் டெக்சஸில் யாரோ கரைசலைத் தப்பாகக் கலந்ததால் கிடைத்தது.

கிழங்கில் கைவைக்காதீர்கள். வள்ளிக்கிழங்கு என்று நினைத்துத் தின்று செத்தவர்கள் உண்டு. முதலில் வாந்தி பேதி, பிறகு ரத்த அணுக்கள் சரியும், பிழைத்து எழுந்தவர்களுக்கு ஒன்றிரண்டு வாரத்தில் முடி கொட்டும். குடல் உட்சுவர், எலும்பு மஜ்ஜை, மயிர்க்கால் என்று உடம்பில் எங்கெல்லாம் மைட்டாசிஸ் வேகமாக ஓடுகிறதோ அங்கெல்லாம் அடி. நித்தியகல்யாணியிலிருந்து எடுக்கும் வின்கிரிஸ்டினும் இதே டியூபுலினைத்தான் பிடிக்கிறது. அளந்து கொடுத்தால் குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்கு மருந்து.

ஜூலை 14, மதியம் 1.15

விதை கிலோ என்ன விலை என்று இந்த இழையில் கேட்காதீர்கள். எங்கள் காடு இப்போது முருங்கை.

ஜூலை 15, இரவு 9.00

வாழை. முன்பே சொன்னேன், வருவேன் என்று.

காட்டு வாழைக்கு 22 குரோமோசோம், 11 ஜோடி, பழம் முழுக்க கல் மாதிரி கருப்பு விதை. நாம் சாப்பிடும் பூவன், ரஸ்தாளி, மொந்தன், கற்பூரவல்லி எல்லாம் மும்மயம், 33 குரோமோசோம். ஒவ்வொன்றிலும் மூன்று. மைட்டாசிஸுக்கு இதனால் எந்தச் சிக்கலும் இல்லை. மூன்றோ முப்பதோ, ஒவ்வொன்றும் தன் சகோதரியோடு மட்டும்தான் வடமிழுக்கிறது. அதனால் மரம் செழிப்பாக வளர்கிறது, பக்கக்கன்று விடுகிறது, திசு வளர்ப்புக் கூடத்தில் லட்சக்கணக்கில் பெருகுகிறது. மியாசிஸில்தான் மாட்டிக்கொள்ளும். இரண்டு சேர்ந்து ஜோடியானால் மூன்றாவது ஒற்றை. அந்த ஒற்றை எந்தப் பக்கமும் போகலாம். 11 ஒற்றைகளும் ஒரே பக்கம் போனால்தான் 11, 22 என்று ஒழுங்கான இனச்செல் வரும். காசு சுண்டிய கணக்கில் அதற்கு 1,024ல் ஒரு வாய்ப்பு. மிச்சமெல்லாம் அரைகுறை.

ஜூலை 15, இரவு 11.20

படுத்த பிறகு யோசனை. இதை மட்டும் சொல்லி விட்டால் ஏலக்கி வாழையை வைத்து யாராவது என்னைப் பிடிப்பார்கள். அது இருமயம், 22தான், ஆனாலும் விதையில்லை. காரணம் அதன் ஒரு பாதி ஒரு காட்டினம், மறுபாதி வேறொரு காட்டினம். எண்ணிக்கையில் ஜோடி இருந்தாலும் இனம் வேறு என்பதால் ஜோடி சரியாக ஒட்டுவதில்லை. அதோடு, விதையே உருவாகாவிட்டாலும் பழம் பருக்கும் குணம் வாழைக்கு வேண்டும். அது தனி மரபணு விவகாரம். மியாசிஸ் கெட்டால் மட்டும் பழம் வந்துவிடாது. நம் முன்னோர் காட்டில் தேடித் தேடி எடுத்தது இரண்டு கோளாறும் சேர்ந்த மரத்தை.

கற்பூரவல்லியில் எப்போதாவது விதை தட்டுப்படும், பல்லில் கடிபட்டிருக்கிறதா? வளமான மகரந்தம் பக்கத்திலிருந்து கிடைத்தால் அதற்கு விதை பிடிக்கும். அந்த 1,024ல் ஒன்று நம் வாயில் வந்து மாட்டுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஜூலை 16, காலை 8.10

கோவேறு கழுதை ஏன் மலடு என்று கேட்டவருக்கு: குதிரை 64, கழுதை 62, பிறந்தது 63. ஜோடி சேர்க்கப் பாருங்கள், பதில் கிடைத்துவிடும்.

கரும்பு கேட்டவருக்கு: அது ஜோடி விவகாரத்தையே தாண்டிப் போகிறது. நாட்டுக் கரும்புக்கு 80, கோயம்புத்தூர்ப் பக்கத்துப் பேய்க்கரும்புக்கு 64. இரண்டையும் சேர்த்தால் 40ம் 32ம் கூடி 72 வர வேண்டும். வந்தது 112. தாய்க்கரும்பு பாதியாக்காமல் 80ஐயும் அப்படியே கொடுத்துவிட்டது. கோவை கரும்பு இனப்பெருக்கு நிலையத்தின் ரகங்களெல்லாம் இப்படி வந்த கலப்புதான். 1930களில் தாவரவியலாளர் ஜானகி அம்மாள் அங்கே உட்கார்ந்து இந்தக் குரோமோசோம்களை எண்ணிக்கொண்டிருந்தார். பிறகு இங்கிலாந்து போய் அங்கே குரோமோசோம் ஆய்வாளராக இருந்த டார்லிங்டனோடு சேர்ந்து பயிர்களின் குரோமோசோம் எண்ணிக்கைகளைத் தொகுத்து 1945ல் வெளியிட்டார். கரும்பில் நூற்றுக்கு மேல் இருக்கும் புள்ளிகளை நுண்ணோக்கியில் கண்ணால் எண்ணுவது எப்பேர்ப்பட்ட வேலை என்று வெங்காயத்தில் 16ஐ எண்ணப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

ஜூலை 18, இரவு 10.00

'மும்மயம் என்றாலே மலடுதானே' என்ற கேள்விக்கு: இல்லை. மழைக்காலத்தில் பூந்தொட்டியைத் தூக்கினால் அடியில் கருப்பாக, மண்புழு மாதிரி, ஆனால் வழவழவென்று வேகமாக நெளிந்து ஓடுமே, புழுப்பாம்பு. அதை அடித்துவிடாதீர்கள், விஷமில்லை, எறும்பு கறையான் முட்டை தின்று பிழைக்கிறது. அதுவும் மும்மயம்தான். உலகத்தில் ஆண் புழுப்பாம்பே கிடையாது, எல்லாம் பெண். தனியாகவே முட்டை போட்டுக் குஞ்சு பொரிக்கிறது. தொட்டிச் செடியோடு கப்பலேறி உலகம் முழுக்கப் பரவிவிட்டது. ஒன்று போனால் போதும் அல்லவா.

வாழைக்கு முடியாதது இதற்கு எப்படி முடிகிறது? ஆண் இல்லாமல் வாழும் அமெரிக்கப் பாலைவனப் பல்லிகளில் இதைத் துல்லியமாகப் பார்த்திருக்கிறார்கள். மியாசிஸுக்கு முன்னால் ஒரு தடவை அதிகமாக இரட்டித்துக்கொள்கின்றன. அதனால் ஒவ்வொரு குரோமோசோமுக்கும் தன் நகலே ஜோடியாகக் கிடைத்துவிடுகிறது. குறுக்கேற்றம் நடக்கும், ஆனால் ஒரே மாதிரி இரண்டுக்கு இடையில் என்பதால் எதுவும் மாறாது. அம்மாவின் நகலாகவே குஞ்சு. வேறுபாடு ஒன்றும் கிடைக்காவிட்டாலும் அந்தப் பல்லி குறுக்கேற்றத்தை விடவில்லை. கட்டு வேண்டுமே.

ஜூலை 19, காலை 6.30

பையனின் அப்பா திரும்பி வந்து 'பரீட்சையில் இதை எப்படி எழுதுவது' என்கிறார். ஐந்து மார்க் கேள்விக்கு நிலைகள், படம், முக்கியத்துவம் என்று புத்தகத்தில் உள்ளபடி எழுதச் சொல்லுங்கள். இடமிருந்தால் கடைசியில் கோஹெசின் பற்றி ஒரு வரி. இல்லையென்றால் வேண்டாம்.

ஆனால் ஸ்லைடு போட்டுப் பார்க்கட்டும். சின்ன வெங்காயத்தைத் தண்ணீர்க் குவளை வாயில் உட்கார வைத்தால் இரண்டு மூன்று நாளில் வேர் வரும். காலையில் நுனியை மட்டும் வெட்டி, ஆல்கஹாலும் அசெட்டிக் அமிலமும் கலந்ததில் போட்டு, பிறகு நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் லேசாகச் சூடுகாட்டி, அசிட்டோகார்மைன் சாயம். அமிலம் என்பதால் லேபில் ஆசிரியர் பக்கத்தில் இருக்கும்போது. கவர் ஸ்லிப்பின் மேல் மைஒற்றும் தாளை வைத்துக் கட்டைவிரலால் நேராக அழுத்த வேண்டும். விரல் கொஞ்சம் வழுக்கினாலும் செல்கள் உருண்டு சுருண்டுவிடும், அந்த ஸ்லைடு அவ்வளவுதான். பார்த்தால் பெரும்பாலும் இடைநிலை செல்களாகவே இருக்கும். 'மேடம், ஒண்ணுமே பிரியல' என்பார்கள். நுனியிலிருந்து சற்று உள்ளே, சதுரமான சின்னச் செல்கள் நெருக்கமாக இருக்கும் இடத்தில் தேடச் சொல்லுங்கள்.

மியாசிஸ் பார்க்க ரியோ செடி போதும். மேலே பச்சை, அடியில் ஊதா இலை, வீட்டு வாசலில் எல்லோரும் வைப்பது. 12 குரோமோசோம்தான். ஆனால் ஆறு ஜோடியாக நிற்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். துண்டுகள் இடம் மாறி மாறி ஒட்டியிருப்பதால் ஒவ்வொன்றும் இரண்டு பக்கமும் வேறு வேறு கூட்டாளியோடு சேர்ந்து, பன்னிரண்டும் கைகோத்து வளையமாகவோ சங்கிலியாகவோ நிற்கும். முதல் தடவை பார்க்கும்போது ஸ்லைடு தப்பு என்று நினைக்கத் தோன்றும். ஸ்லைடு சரிதான்.

ஜூலை 20, இரவு 8.45

ரியோவில் எந்த மொட்டு என்று கேட்டவருக்கு: படகு மாதிரி மடலுக்குள் வரிசையாக மொட்டுகள் இருக்கும். பெரியதிலிருந்து ஆரம்பிக்காதீர்கள், உள்ளே ஒளிந்திருக்கும் சின்னதை ஊசியால் எடுத்துப் பிரியுங்கள். மகரந்தப்பை கண்ணாடி மாதிரி நிறமில்லாமல் இருந்தால் சாயத்தில் நசுக்கிப் பாருங்கள், அதற்குள்தான் நடந்துகொண்டிருக்கும். மஞ்சளாகிவிட்டிருந்தால் தூக்கிப் போடுங்கள், அதில் மகரந்தத்தூள் மட்டும்தான் இருக்கும்.